முகப்புப் பக்கத்தில் சம்பந்தி

களஞ்சியப் பொறுப்பாளர் தன் களஞ்சியத்தைத் தானே சரிபார்க்கக் கூடாது. வெளியார் ஒருவர் வந்து பார்க்க வேண்டும். பிரதம எழுதுவினைஞராக இருந்த காலமெல்லாம் இந்த விதியைக் காட்டிப் பலரின் தூக்கத்தைக் கெடுத்தவன் நான். ஓய்வு பெற்றதும் அது எனக்குப் பொருந்தாது என்று நினைத்துவிட்டேன்.

மகள் சுதாவின் கல்யாணப் படங்களை எவனோ ஒருவனின் கம்பனியில் ஏன் வைக்க வேண்டும் என்று, கட்டுகஸ்தோட்டை வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரையே சேர்வர் ஆக்கினேன். ஒரு டொமைன் பெயர் வாங்கி, வீட்டு இணைப்போடு பொருத்தி, இரு வீட்டு உறவினருக்கும் வாட்ஸ்அப்பில் அறிவித்தேன். (அறிவித்த பிறகுதான் சோதித்தேன். இதற்கும் ஒரு விதி உண்டு.)

பிரவுசரில் பெயரைத் தட்டினால் வெள்ளைப் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. ரவுட்டரை அணைத்துப் போட்டேன். போனில் பார்த்தேன், அதுவும் வீட்டு வைஃபைதான். எனவே உலகத்தில் யாருக்குமே திறக்கவில்லை என்று தீர்மானித்து, இணைய நிறுவனத்துக்கு இலக்கமிட்ட பந்திகளுடன் பதிவுத் தபாலில் முறைப்பாடு அனுப்பினேன்.

அதுவரை சோதனைக்கு ஒரு படம் வேண்டுமே. தாலி கட்டும் நேரத்தில் கதிரையில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிய சம்பந்தியை முகப்பில் போட்டேன். கீழே "மாப்பிள்ளை வீட்டாரின் உற்சாகம்" என்று எழுதினேன். யார் பார்க்கப் போகிறார்கள்?

மறுநாள் காலை கடுகண்ணாவையிலிருந்து சம்பந்தியே போனில் வந்தார்.

"சம்பந்தி, நான் தூங்கல. கண்ண மூடி மந்திரம் கேட்டுக்கிட்டிருந்தேன்."

"எதைச் சொல்றீங்க?"

"கலகெதரையில என் மச்சான் கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் காட்டிக்கிட்டிருக்கான்!"

"அது யாருக்குமே திறக்காதுங்க. முறைப்பாடு போட்டிருக்கேன்."

"தலைதீபாவளிக்கு எங்க வீட்டுல இருந்து யாரும் வரமாட்டாங்க. அதையும் முறைப்பாட்டுல சேத்துக்குங்க."

என் மனைவி கமலா தன் போனில் வைஃபையை நிறுத்தி டேட்டாவைப் போட்டாள். சம்பந்தி பளிச்சென்று திறந்தார். (வாயும்தான்.)

"என்னங்க, ஊருக்கெல்லாம் தெரியுது. நம்ம வீட்டுக்கு மட்டுந்தான் தெரியல."

உண்மை. வீட்டுக்குள்ளிருந்து வீட்டின் வெளிப்பெயரைக் கேட்டால், வெளியே போய்த் திரும்பி உள்ளே வர எங்கள் ரவுட்டருக்குத் தெரியாது. வெளியாருக்குக் கதவு தொடக்கத்திலிருந்தே திறந்துதான் கிடந்திருக்கிறது.

அடுத்து புகுந்த வீட்டிலிருந்து சுதா போனில் பேசினாள். "கல்யாணமாகி மொதல் தீபாவளிக்கு நான் நம்ம வீட்டுக்கு வர வேணாமாப்பா?"

கடுகண்ணாவைக்குப் பஸ் ஏறினேன். சம்பந்தி தேநீர் தரவில்லை; நிபந்தனை தந்தார். கல்யாணப் பந்தியில் நான் வடையைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைக்கும் படம் அவரிடம் இருந்தது. அதுதான் இனி முகப்பில் நிற்க வேண்டும். அவர் சொல்லும்வரை எடுக்கக் கூடாது. இன்றும் அங்கேதான் நிற்கிறது. எங்கள் குடும்ப விசேஷங்களில் வடை பரிமாறுகிறவர்கள் என்னிடம் மட்டும், "கைக்குட்டை இருக்கா?" என்று கேட்கிறார்கள்.

இணைய நிறுவனமும் ஒருவழியாகப் பதிவுத் தபாலில் பதில் அனுப்பியது: "தங்கள் தளத்தை எமது அலுவலகத்திலிருந்து பரிசோதித்தோம். குறைபாடு எதுவுமில்லை. முதியவர் ஒருவர் வடையை மறைப்பது தெளிவாகத் தெரிகிறது."

கையெழுத்துப் போட்டு வாங்கி, வீடு முழுக்கக் கேட்கும்படி அதை வாசித்தவர், சுதாவையும் மாப்பிள்ளையையும் கொண்டுவந்து விட வந்திருந்த சம்பந்தி. அன்று தலைதீபாவளிக்கு முதல் நாள்.