வெங்காயச் சருகு நிறத்தில் ஒரு பறக்கும் தட்டு

காஞ்சிபுரத்திலேயே என் பொய்யைக் கண்டுபிடித்த ஒரே ஆள் தட்டு சார்தான். என் நிஜத்தை நம்பிய ஒரே ஆளும் அவர்தான். மீதி ஊர் இரண்டையும் தலைகீழாகச் செய்தது.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் நெசவுத் தெருவில், எதிர்வீட்டு மாடியில் குடியிருந்தார். ஏதோ மலைமேல் தொலைநோக்கி வைத்து நட்சத்திரம் பார்த்து ரிட்டையர் ஆனவர். ரிட்டையர் ஆன பிறகாவது சும்மா இருந்தாரா? வானத்தில் புரியாத எதையாவது பார்த்தேன் என்று யார் சொன்னாலும் நோட்டும் கையுமாக வந்து நிற்பார். பறக்கும் தட்டைத் துருவுகிறவர், அதனால் தட்டு சார். சொந்தப் பேர் போஸ்ட்மேனுக்கு மட்டும் தெரியும்.

வந்த அன்றைக்கே கேட்டுவிட்டேன்.

"ஏன் சார், மேல ஆளுங்க இருக்காங்களா, இல்லியா?"

"தெரியாதும்மா."

"இத்தினி படிச்சிட்டும் தெரியாதா?"

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றதுக்குத்தாம்மா இத்தனையும் படிச்சேன்."

டீக்கடைக்காரரை செவிலிமேடு போகிற வழியில் ஒரு வெளிச்சம் துரத்தியதாம். "நான் நின்னா நிக்குது சார், போனா கூடவே வந்துக்கினு இருக்குது!" சார் மூன்று சாயங்காலம் அவர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனார். நாலாம் நாள் தீர்ப்பு வந்தது: "அது வெள்ளி கிரகம்பா. உன்னைத் துரத்தலை, அதுக்கு வேற வேலை இருக்கு." ஒரு மாதத்துக்கு சார் டீயில் சர்க்கரை விழவில்லை. கூரம் பக்கம் தெரிந்த சிவப்புக் கண்ணோ, கல்யாண வீடியோக்காரரின் ட்ரோன்.

எங்கள் ஊரை அவர் பிடித்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. "வேற ஊர்ல மஞ்சள்னா மஞ்சள்மா. இங்க ஏழு மஞ்சள் சொல்றீங்க. இதைவிட நல்ல சாட்சி எனக்கு எங்க கிடைக்கும்?" சாயப்பட்டறையில் துண்டு நூல் வாங்கி, நிறம் நிறமாக ஒரு குச்சியில் கட்டி வைத்திருந்தார். பார்த்த நிறத்தை வாயால் சொல்லக் கூடாது, நூலைத் தொட்டுக் காட்டணும். பத்து நாள் கழித்து வந்து மறுபடி தொடச் சொல்வார்.

எனக்கு வாய் அரித்தது. கோபுரத்துக்கு மேலே தட்டு சுற்றியது என்று ஒரு கப்சா விட்டு, எலுமிச்சை மஞ்சளைத் தொட்டேன். பத்து நாள் கழித்துக் குச்சியை நீட்டினார். தைரியமாக மாம்பழ மஞ்சளைத் தொட்டேன்.

நோட்டை மூடிவிட்டார். "உங்க தட்டு சாயம் போவுதும்மா."

அதோடு நின்றேனா? எங்கள் தெருவில் விடியற்காலையில் பாவு நீட்டுவார்கள். சேலைக்கான நீள இழை அத்தனையையும் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிவார்கள். ஒரு தூறல் விழுந்தாலும் பட்டு போச்சு. நான் ஒருநாள் "மழை!" என்று கத்தினேன். தெருவே பாவைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. நான் சிரித்த சிரிப்புக்கு இரண்டு வீட்டில் இன்றும் என்னோடு பேச்சில்லை.

அடுத்த மாதம் அதே விடியல், அதே பாவு. கோபுரத்துக்கு மேலே, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாக்கட்டை மாதிரி, இரண்டு முனையும் கூர்ந்த ஒன்று அசையாமல் நின்றது. நிஜமாகவே நின்றது.

"மேல பாருங்கடி!" என்று கத்தினேன். ஒரு தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் இழை தவறிவிடும். அதோடு, கத்தியது நான். அது பாலாற்றுப் பக்கம் விருட்டென்று போய் மறைந்தது.

"அன்னிக்கி மழை, இன்னிக்கி தட்டா?" என்றாள் மருமகள். "போய் காபியக் குடி அத்தே."

தெரு சிரித்தது. எப்போதும் நான்தான் சிரிக்க வைப்பேன். அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என் கண்மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சாயங்காலம் சார் குச்சியோடு வந்தார்.

"நீங்களும் நம்ப மாட்டீங்க சார்."

"நம்பறது என் வேலை இல்லம்மா. கேக்கறதுதான் என் வேலை."

வெங்காயச் சருகு நிற நூலைத் தொட்டேன். மறுநாளிலிருந்து அதே நேரம், நான் நின்ற இடத்திலேயே நின்று, அது எவ்வளவு உயரம், எவ்வளவு பெரிசு என்று கட்டை விரலை நீட்டி அளந்தார். விமான நிலையத்துக்குப் போன் போட்டார், வானிலைக்குப் பலூன் விடுகிற ஆபீசுக்குப் போட்டார். ஜில்லாவில் ட்ரோன் வைத்திருக்கிற கல்யாண வீடியோக்காரர் ஒருத்தரையும் விடவில்லை. "உடுங்க சார்" என்று நானே கெஞ்சினேன். "முடியட்டும்மா" என்றார். பத்து நாள், இருபது நாள், முப்பது நாள் என்று குச்சி வந்தது. என் விரல் வெங்காயச் சருகை விட்டு நகரவில்லை.

கடைசியில் பாவு நீட்டிய நேரமாகப் பார்த்து, தெரு நடுவில் நின்று நோட்டைப் பிரித்தார். எல்லார் கையும் இழையில் இருந்ததால் ஒருத்தரும் ஓட முடியவில்லை.

"விமானம் இல்லை. பலூன் இல்லை. கிரகம் இல்லை. ட்ரோன் இல்லை. அது என்னன்னு எனக்குத் தெரியலை. ஆனா இந்தம்மா பார்த்ததைத்தான் சொல்றாங்க."

என் மருமகள் மெதுவாகத் தலையைத் தூக்கிக் கோபுரத்துக்கு மேலே பார்த்தாள். ரெண்டு இழை அறுந்தது.

"தெரிலன்னு சொல்றதுக்கு இவ்ளோ நாளா சார்?" என்று கேட்டுவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

இப்போது சார் மகள் வீட்டோடு போய்விட்டார். வாரம் ஒரு போன் வரும். "அம்மா, மேல பாத்தீங்களா?" இந்தத் தெருவில் இன்றும் எல்லாரிடமும் கப்சா விடுகிறேன். அவரிடம் மட்டும் வாய் வருவதில்லை. "இன்னிக்கி ஒண்ணும் இல்ல சார்" என்று, பார்த்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.