பிள்ளைப் பட்டம் கொடுத்த தபால்காரர்

பிள்ளை என்ற சொல்லை எங்கள் பேட்டைத் தபால்காரரைப்போல வாரி இறைத்தவர் திருநெல்வேலிச் சீமையில் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தபால்தலையில் ராணி போய் ராஜா ஏறியிருந்த காலம். உறையில் என்ன பெயர் இருந்தாலும், கூப்பிடும்போது பின்னால் ஒரு பிள்ளையைச் சேர்த்துவிடுவார். தறி நெய்யும் மீரான், மீரான் பிள்ளை. உவரியிலிருந்து கருவாடு கொண்டுவரும் அந்தோணி, அந்தோணிப் பிள்ளை. அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. ‘பட்டம்’ என்றால் தெரியும்.

பிள்ளைமாரான எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. அது வயலும் வரப்பும். பந்தியில் முதல் இலை. என் தகப்பனார் ஒருநாள் அவரை நிறுத்திக் கேட்டார்.

“என்ன வே, கண்டவனுக்கெல்லாம் பட்டம் கட்டுதீரு?”

“அண்ணாச்சி, அணிலைப் பிள்ளைங்கோம், கீரியைப் பிள்ளைங்கோம். நட்டுவச்ச தென்னையும் பிள்ளைதான். மனுசன்னு வந்தா மட்டும் நாக்கு சுருங்கணுமா?”

தெருவே சிரித்தது. தகப்பனார் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம், தெருக் கூட்டும் சுடலைக்குக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. தெருமுனையில் நின்று பட்டம் உரக்கக் கூப்பிட்டார்.

“சுடலைப் பிள்ளைவாள், உம்ம தம்பி எழுதியிருக்காரு. இங்கன வாரும், வாசிச்சுச் சொல்லுதேன்.”

சுடலை, யாரைக் கூப்பிடுகிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

உறையில் இல்லாத பெயரைச் சொல்லிக் கடிதம் கொடுக்கிறார் என்று தபால் மேலதிகாரிக்கு இரண்டு வரி எழுதும்படி தகப்பனார் சொன்னார். காலேஜில் படித்த இங்கிலீஷைக் காட்ட நான் இரண்டு பக்கம் எழுதினேன். கையெழுத்தும் என்னுடையதுதான்.

விசாரணையில் பட்டம் எதையும் மறுக்கவில்லை. இனி உறையில் உள்ளபடியே கூப்பிடுவேன் என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்களாம். “அதுக்கு எனக்கு வாய் வராதுய்யா” என்றாராம். மனுப் போட்டவர் யாரென்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை.

இருபது நாள் கழித்து எனக்கு வந்த சர்க்கார் உறையைக் கொண்டுவந்தவர் அவரேதான். நான் உத்தியோகத்துக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தது அவருக்குத் தெரியும். நான் பிரிக்கும்வரை நகராமல் நின்றார். மனு ஏற்கப்பட்டது, தபால்காரர் வரும் முதல் தேதியோடு நீக்கப்படுவார் என்று எழுதியிருந்தது.

“நல்ல சேதியா தம்பி?”

“ஆமா” என்றேன்.

மறுநாள் காலை ஓலைக் கொட்டானில் கருப்பட்டி கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, பைய நடந்து போனார்.

அடுத்த வருஷம் எனக்கு மெய்யாகவே உத்தியோகம் கிடைத்தது. ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது அவரிடம்தான். அவர் அப்போது பேட்டையில் இல்லை.