பொய் சொல்லும் சென்சார்

ஐஸ் மெஷின் நிற்கவே மாட்டேன் என்றது.

"சென்சார் போச்சு," என்றார் லிஃப்ட் மெக்கானிக், துக்கச் செய்தி சொல்பவர் போல. பெட்டி நிறைந்து ஐஸ் முட்டினால், சென்சார் சில்லிட்டு மெஷினை நிறுத்தவேண்டும். இதுவோ எப்போது பார்த்தாலும் பெட்டி காலி என்றே சாதித்தது.

"செஞ்ச ஐஸெல்லாம் எங்கங்க போகுது?" என்றாள் அவர் மனைவி.

"உருகித் தொட்டிக்கே திரும்பிடும். அதோட அமைப்பு அப்படி."

மெக்கானிக்கின் அப்பாவுக்குச் சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறது. தண்ணீர் அளந்துதான். நாக்கு வறண்டால் இரண்டு ஐஸ்கட்டி தரலாம் என்று டாக்டர் சொன்னதால், அவர் அறையை ஒட்டி வைத்த மெஷின் அது. ஆனாலும் அவர் கால் வீங்கிக்கொண்டே போனது. இன்னும் எடை ஏறினால் ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"நீ உப்பை அள்ளிக் கொட்டுற!" என்று மெக்கானிக் மனைவி மேல் பாய்ந்தார்.

"உப்பே போடறதில்லைங்க! குழம்பை வாயில வச்சுப் பாருங்க."

வைத்தார். சப்பென்றிருந்தது; விழுங்க முடியவில்லை.

அந்த எரிச்சலோடு புது சென்சார் மாட்டினார். அதுவும் காலி என்றது. பெட்டிக்கு அடியிலேயே இறக்கி ஒட்டினார். அப்போதும் காலி. தொட்டியில் தண்ணீர் குறைவதைப் பார்த்து, "ஒழுகுது," என்று சுற்றிலும் பசை பூசினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. தண்ணீர் மட்டும் குறைந்தது.

"எத்தனை லிஃப்டை ஏத்தி இறக்கினவன் நான்! இந்த டப்பா என்கிட்டயே வேலையைக் காட்டுதா?"

சென்சாரைப் பிடுங்கி எறிந்துவிட்டு நேரடியாக வயரை இணைத்தார். மெஷின் நாள் முழுக்க ஐஸாகக் கொட்டித் தீர்த்தது.

மறுநாள் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. முகமும் வீங்கியிருந்தது.

மனைவி அழுதுகொண்டே பையில் துணிகளை அடுக்கினாள். "என் சமையல்தான் மாமாவை இப்படி ஆக்கிடுச்சோ..."

மெக்கானிக்குக்கும் கண் கலங்கியது. திட்டியது தப்போ என்று உறுத்தியது. கழற்றிப்போட்ட இரண்டு சென்சார்களையும் பொறுக்கிக் குப்பைக்கூடையில் வீசினார்.

"நம்ப வச்சுக் கழுத்தறுத்த சனியனுங்க!"

கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா, அழுகிற மருமகளைப் பார்த்தார். அவருக்கு ஒரு கன்னம் மட்டும் கூடுதலாக உப்பியிருந்தது. 'கறுக்' என்று எதையோ கடித்து விழுங்கிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதுங்களத் திட்டாதடா. பெட்டி காலின்னு அதுங்க உண்மையைத்தான் சொல்லிச்சுங்க."