சந்தியோகுவும் ஒரு கொண்டோலாவும்

இனிமேல் கதிரையை விட்டு எழும்புவதில்லை என்று சந்தியோகு முடிவெடுத்தார். வயது ஐம்பத்தெட்டு. கடலை விட்டு, பேசாலையில் மனைவி பெற்றிசியா நடத்தும் கடையில் ஒதுங்கி ஆறு மாதம். கடலிலாவது இடையில் கண் அயரலாம். கடையில் சீனிக்கு எழும்பு, சவுக்காரத்துக்கு எழும்பு, வெத்திலைக்கு எழும்பு. முழங்கால் இரண்டும் ஓயாமல் அனுங்கின.

அதற்குத்தான் கொண்டோலா வந்து இறங்கியது. இரண்டு பக்கமும் தட்டு வைத்த இரும்பு றாக்கை. நடுக்கடையில் நிற்கும். சனம் தானே சாமான் எடுக்கும்.

"கொண்டோலா எண்டால் இத்தாலியில ஓடுற வள்ளமெல்லோ?" என்றான் அடுத்த வீட்டு வள்ளக்காரன் பேதுரு. "அங்க இருக்கிற என்ர மகள் படம் அனுப்பினவள்."

"அதுவுந்தான். மலையில கம்பியில தொங்கிப் போற பெட்டியும் கொண்டோலா. பலூனுக்குக் கீழ கட்டுற கூடையும் கொண்டோலா. மாடிக்குப் பெயின்ற் அடிக்கத் தொங்கவிடுற தட்டும் அதுதான்."

"எல்லாத்துக்கும் ஒரே பேரோ?"

"ஓம். எல்லாத்திலயும் மனிசன் ஏறிச் சும்மா இருப்பான்."

"பெயின்ற் அடிக்கிறவன்?"

"அவனை விடு. இதில சாமான் ஏறும். நான் சும்மா இருப்பன்."

பெற்றிசியா பேதுருவோடு வாசல்வரை போய்வந்தாள். சந்தியோகு அப்போதே பயந்திருக்க வேண்டும்.

பின்னேரம், கடலுக்குப் போகிற நாலு பேர் வந்தார்கள். கொண்டோலாவை ஒருதரம் சுற்றினார்கள். வெத்திலை கண்ணுக்கு முன்னால் கிடந்தது. ஒருவரும் தொடவில்லை.

"எடுங்கோவன்!" கதிரையிலிருந்து சந்தியோகு கத்தினார்.

"தொழிலுக்குப் போகேக்க நாங்களா எடுக்கிறேல்லை அண்ணை. அக்கான்ர கைராசிக்கெண்டுதான் இஞ்ச வாறனாங்கள். அக்கா தரட்டும்."

"அப்ப நான் தாறன்." பதறி எழும்பினார்.

"ஐயோ, நீங்கள் வேண்டாம்! உங்களிட்ட வாங்கின அண்டைக்கு வெறும் வலை."

பெற்றிசியா நாலு பேருக்கும் வெத்திலை கொடுத்தனுப்பினாள். பிறகு, காலியாய்க் கிடந்த கதிரையில் அமர்ந்தாள்.

"இஞ்சேருங்கோ. மற்றச் சனம் தானே எடுக்கும். கடலுக்குப் போறவைக்கு என்ர கை வேணும். கடைக்கு நான் ஒருத்தி காணும்."

"அப்ப நான்?"

"பேதுருவின்ர வள்ளத்தில ஒரு ஆள் குறையுதாம். நீங்கள் வாறீங்கள் எண்டு மத்தியானமே சொல்லிப்போட்டன்."

"முழங்கால்..."

"வலையை முழங்காலாலயோ இழுக்கிறது?"

சந்தியோகு பெருமூச்சு விட்டார். போகிற போக்கில் ஒரு வெத்திலையாவது போடுவோம் என்று கொண்டோலாவுக்குக் கையை நீட்டினார்.

"தொடாதேங்கோ," என்றாள் பெற்றிசியா. "கடலுக்குப் போறவர் நீங்கள். இந்தாங்கோ, என்ர கையால வாங்குங்கோ."