நான் கோவித்துக்கொண்டு போகவில்லை

எனக்கு எழுபத்தொரு வயது. பெற்றது ஐந்து, நாத்தனார் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்தால் வளர்த்தது ஏழு. ஏழும் உருப்படியாக இருக்கின்றன. (சந்தேகம் உள்ளவர்கள் எங்கள் ஊர் அகரத்துக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்.) இத்தனையும் செய்த எனக்கு ஒரே ஒரு காரியம்தான் கைகூடவில்லை. சும்மா நடப்பது.

போன வருஷம் முழங்கால் பிடித்துக்கொண்டது. மருமகள் வசந்தி திண்டுக்கல்லில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். என் மூத்த பேத்தி வயதுதான் அந்தப் பெண்ணுக்கு. காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "பாட்டி, ஒரு நாள்ல உங்களுக்குன்னு எவ்வளவு நேரம் ஒதுக்குறீங்க?" என்று கேட்டது.

"எனக்குன்னா?"

"உங்களுக்கே உங்களுக்குன்னு. வேலை எதுவும் இல்லாம."

யோசித்தேன். தூங்குகிற நேரத்தைச் சொல்லலாமா என்று பார்த்தேன். அதிலும் பாதி, விடிந்தால் பறிக்க வேண்டிய செண்டுப்பூவை நினைத்துப் புரள்வதில் போய்விடும்.

"தினம் காலையில அரை மணி நேரம் நடங்க. நல்லதா உடுத்திக்கிட்டு, சந்தோஷமா. நடக்கும்போது யார்கிட்டயும் பேசாதீங்க, மூச்சு வாங்கும்."

டாக்டர் சொன்னால் சொன்னதுதான். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை.

மறுநாள் விடியலில், வசந்தி தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்தாள். சம்பந்தியம்மா தீபாவளிக்கு எடுத்துக்கொடுத்த சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினேன். கை என்னவோ போல் இருந்தது. வெறுங்கையோடு தெருவில் இறங்கிப் பழக்கமே இல்லையே! திரும்பிப் போய் ஒரு துணிப்பையில் தண்ணீர் பாட்டில், துண்டு, மாற்றுச் சேலை ஒன்று (வேர்வையில் நல்ல சேலை கெட்டுவிடக் கூடாது பாருங்கள்) எல்லாவற்றையும் திணித்து எடுத்துக்கொண்டேன். அப்புறம்தான் நடை சரியாக வந்தது.

காலங்காத்தால், நல்ல சேலை கட்டி, கையில் பையோடு, பஸ் போகிற ரோட்டைப் பார்த்து ஒரு மாமியார் விறுவிறுவென்று நடந்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஊருக்கே தெரிந்த அந்த அர்த்தம் எனக்கு மட்டும் அன்றைக்குத் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். "என்னக்கா, வெள்ளென எங்க கெளம்பிட்ட?"

பேசக் கூடாதே! வாய் வரை வந்த பதிலை விழுங்கிவிட்டு, முகத்தை நேராக வைத்துக்கொண்டு நடந்தேன்.

"ஆத்தாடி, வாயே தெறக்க மாட்டேங்குது!" என்று பின்னால் குரல் கேட்டது.

டீக்கடையில் நாலைந்து பேர் எழுந்து நின்றார்கள். "ஏலே, பாண்டியோட ஆத்தாவப் பாரு. பையத் தூக்கிட்டுப் போகுது." பாண்டி என் மகன், வசந்தியின் புருஷன்.

பின்னாலேயே டவுன் பஸ் வந்து நின்றது. "ஏறு ஆத்தா. பொம்பளைகளுக்கு ஓசிதான?" என்றார் கண்டக்டர். போங்கள் என்று கையை ஆட்டினேன். அங்கேதான் காரியம் கெட்டது.

"ஓசி பஸ்ஸையே வேணாங்குதுன்னா, எம்புட்டுக் கோவம் இருக்கும்!" என்று ஜன்னல் ஓரத்தில் ஒரு பொம்பளை சொன்னாள். அந்தச் செய்தியை ஏற்றிக்கொண்டு பஸ் திண்டுக்கல்லுக்குப் போனது.

நான் தாடிக்கொம்புப் பெருமாள் கோயிலில் போய்த் தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். குளுகுளுவென்று காற்று. அத்தே என்றோ அம்மா என்றோ அப்பத்தா என்றோ ஒரு கூப்பாடு இல்லை. இதற்குத்தான் டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தபடியே கண் அசந்துவிட்டேன்.

விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. திரும்பும்போது பஸ்ஸில்தான் வந்தேன். (நடக்கச் சொன்னது அரை மணி நேரம்தானே?) பஸ்ஸில் எல்லோரும் எழுந்து இடம் கொடுத்தார்கள். என் மரியாதை அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டு வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. சின்னாளபட்டியிலிருந்து சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் தறியைப் போட்டது போட்டபடி ஓடி வந்திருந்தார்கள். பாண்டி பூ மார்க்கெட்டிலிருந்து பாதியில் திரும்பியிருந்தான். என் கொழுந்தனார் நாற்காலி போட்டு, நியாயம் பேசுகிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். நடுவில் வசந்தி, அழுது முகம் வீங்கி.

சம்பந்தியம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம்மக என்ன சொல்லியிருந்தாலும் எனக்காகப் பொறுத்துக்கங்க. இல்லைன்னா சொல்லுங்க, இப்பவே கூட்டிட்டுப் போயிடுறேன்."

எனக்குத் திக்கென்றது. என்னை ஒரு சொல் எதிர்த்துப் பேசாத பிள்ளை. அவள் பேர் ஒரே காலையில் என்னால் சந்தி சிரித்துவிட்டது.

"நான் நடக்கப் போனேன்" என்றேன்.

"எங்க?"

"எங்கயும் இல்ல. சும்மா."

கொழுந்தனார் தொண்டையைச் செருமினார். "மருமகள விட்டுக் குடுக்காமப் பேசுறீங்க மதினி. அது ஒங்க பெருந்தன்மை. அதுக்காக உண்மைய மறைக்கலாமா?"

"வசந்தி தங்கமான புள்ளப்பா!"

"பாத்தீங்களா? இம்புட்டு நடந்தும் புகழுது!"

பேச்சியம்மா என் பையைத் திறந்து மாற்றுச் சேலையை வெளியே எடுத்தாள். கூட்டம் உச்சுக் கொட்டியது. நான் புகழப் புகழ வசந்தியின் குற்றம் ஏறிக்கொண்டே போனது. "ராத்திரி சோத்துக்கு வச்ச வெஞ்சனத்துல கொற சொன்னாளோ?" என்று ஒருத்தி கேட்க, பாண்டி பொண்டாட்டியை முறைத்தான்.

வசந்தி விருட்டென்று எழுந்தாள். "டாக்டரு நடக்கச் சொன்னாங்கன்னு காலையிலருந்து தொண்டத் தண்ணி வத்தக் கத்துறேன். யாரு கேட்டா? அத்தே, நாளைக்கு நானும் ஒங்ககூட வாரேன். ரெண்டு பேரும் சேந்து போறத ஊரே பாக்கட்டும்!"

பெற்றவளைவிட எனக்குத்தான் அப்போது பெருமையாக இருந்தது.

மறுநாள் இருவரும் நல்ல சேலை கட்டிக்கொண்டு, பேசிச் சிரித்தபடியே தெருவில் நடந்தோம். மூச்சு வாங்கினால் வாங்கட்டும். கோயிலில் வசந்தியும் தூணில் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பகலில் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை.

பழி போயிற்று என்று திரும்பி வந்தால், வாசலில் மறுபடியும் கூட்டம். அதே நாற்காலியில் கொழுந்தனார். நடுவில் இந்தத் தடவை பாண்டி.

"மாமியாளும் மருமகளும் சேந்து வீட்ட விட்டுக் கெளம்புற அளவுக்கு நீ என்னடா பண்ணித் தொலச்ச?"

"சத்தியமா நான் ஒண்ணும் சொல்லல சித்தப்பா!"

நானும் வசந்தியும் வாசல்படியிலேயே உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தோம். அவனை உடனே காப்பாற்றியிருக்கலாம். செத்த நேரம் ஆகட்டும் என்று விட்டுவிட்டோம். முதல் நாள் முறைத்தான் அல்லவா?

இன்றைக்கும் நாங்கள் இருவரும் தினமும் நடக்கிறோம். நாங்கள் செருப்பை மாட்டினால் போதும், பாண்டி வாசலுக்கு ஓடிவந்து தெருவைப் பார்த்து, "நான் ஒண்ணும் சொல்லலப்பா!" என்று கத்துவான். இப்போது பேரன் பள்ளிக்கூடம் கிளம்பினாலும் வீட்டில் யாராவது இதையேதான் சொல்கிறார்கள். சம்பந்தியம்மா போன் எடுத்தால் முதல் கேள்வி, "நடையா, கோவமா?" என்பதுதான்.

என் முழங்கால் நன்றாக இருக்கிறது.

எழுத்துக் கூட்டி இவ்வளவையும் நானேதான் எழுதினேன். கனி, இங்க வா தாயி. அப்பத்தா எழுதுனத முதல்லருந்து வாசிச்சுக் காட்டு. உள்ளே வேண்டாம், வாசல்ல நின்னு வாசி. பேச்சியம்மாவுக்கும் கேக்கணும்.