கடலோடு ஒத்துப்போன படகு

2024 மார்ச் 13, புதன். 5.10க்கு எழும்பினேன். 5.25க்கு வெறுந்தேத்தண்ணி. 5.40க்கு நாட்குறிப்பில் வானத்தைப் பற்றி ஒரு வரி. 6.30க்கு என் அக்காவின் கணவர், அத்தானின் படகு காணாமற்போனது. காரணம் நான்தான்.

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் குப்பிகளை உயர வரிசையில் அடுக்குவது என் தொழில். நாற்பத்தெட்டு வயதில் டப்லெட் திரையில் ஓவியம் வரையத் தொடங்கினேன். அதில் ஒரு நிறச்சக்கரம் இருந்தது. எதிரெதிரே இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று உரத்துக் கூப்பிடும். பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒற்றுமையாய் இருக்கும். உலகத்துக்கு ஒற்றுமைதான் தேவை என்று முடிவு செய்தேன். (உலகம் என்னைக் கேட்கவில்லை.)

அப்போது அக்கா வீட்டுப் படகுக்குப் புது நிறம் அடிக்க இருந்தார்கள். மயிலிட்டிக் கடலின் விடியற்காலைப் படத்தின் மேல் படகை வரைந்தேன். கடலிலிருந்தே ஒரு நீலத்தைத் தொட்டெடுத்து, சக்கரத்தில் அதன் இரு அயல்நிறங்களையும் சேர்த்தேன். கனவுபோல வந்தது.

அத்தான் திரையை உற்றுப் பார்த்தார். "வடிவாத்தான் கிடக்கு தம்பி. படகெங்கை?"

"அதுதான் அத்தான் ஒத்திசைவு!" என்று சிரித்தேன்.

அந்த நிறங்களையே படகுக்கு அடித்தார்கள். அந்தப் புதன்கிழமைதான் புது நிறத்தோடு முதல் ஓட்டம். இரவு மீன்பிடித்து வழக்கமாக ஆறு மணிக்குக் கரைக்கு வருகிற அத்தான், ஆறரைக்கும் வரவில்லை. மற்றப் படகுகள் எல்லாம் வந்துவிட்டன.

"வரேக்கை ஆரையும் காணேல்லை அக்கா," என்றான் கடைசியாக வந்தவன்.

அக்கா கையை நெற்றியில் வைத்துக் கடலைத் தேடினாள். நானும் பார்த்தேன். மெல்லிய பனிப்புகார். கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே மூச்சில் கரைந்து கிடந்தது. வெட்கத்தோடு எழுதுகிறேன்: அந்த நேரத்திலும், என் நிறத்தெரிவு எவ்வளவு சரி என்றுதான் நினைத்தேன்.

ஏழு மணிக்கு அக்காவின் குரல் உடைந்தது. "எடேய், உன்ரை நிறச்சில்லு என்ரை மனுசனை விழுங்கிப்போட்டுதடா!"

அப்போதுதான் என் கண் நிறத்தை விட்டுப் படகைத் தேடியது. செபமாலை அவள் விரலில் வேகமாக ஓடியது.

7.20க்குத் தூரத்தில் தோடம்பழ நிறத்தில், செம்மஞ்சளாய் ஒரு புள்ளி. கீழே படகில்லை, ஆளில்லை. புள்ளி மட்டும் தனியாக மேலும் கீழும் துள்ளியது.

"எங்கடை வாளி!" என்று அலறினாள் அக்கா.

தண்ணீர் இறைக்கும் வாளி. நீலத்துக்கு நேர் எதிர் நிறம்.

இரண்டு படகுகள் போய் இழுத்து வந்தன. எஞ்சின் நின்றுவிட்டதாம். அத்தான் இறங்கி, என்னை நிதானமாகப் பார்த்தார். "ரெண்டு போட் பக்கத்தாலை போச்சுது தம்பி. எழும்பி நிண்டு கையைக் காட்டினன். உவங்கள் கடலெண்டு நினைச்சுப் போட்டாங்கள். பிறகுதான் வாளியைத் தூக்கி ஆட்டினன்." (அவர் போட்டிருந்த சேட்டும் நான் கொடுத்ததுதான். அதே நீலம்.)

இன்றுவரை அந்த வீட்டில் சீப்போ பூட்டுத் திறப்போ தொலைந்தால், "மாமா நிறம் அடிச்சிட்டார்" என்பார்கள் பிள்ளைகள்.

மறுநாள் 5.10க்கு எழும்பினேன். தேத்தண்ணிக்கும் நாட்குறிப்புக்கும் முன்னால், தோடம்பழ நிறப் பெயின்ற் பேணியோடு கரைக்குப் போய், படகைச் சுற்றி ஒரு பட்டை அடித்தேன். பட்டை எவ்வளவு தூரம் தெரிகிறதென்று பார்க்க, அக்கா கரை நீளத்துக்குப் பின்னுக்கு நடந்துகொண்டே போனாள்; புள்ளியாகும்வரை போனாள்.

அங்கிருந்து கத்தினாள்: "காணேல்லை! இன்னுமொருக்கா அடி!"