இரண்டு விசில் அடித்த பறவை

வயதில் மூத்தவரும், மருந்துக்கடைக்காரரும், என் மரியாதைக்குரியவருமான பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டியவன் பணிவோடு எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள். இங்கே நானும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் நலமாக இருந்தால் நான் எதற்குக் கடிதம் எழுதப்போகிறேன்? போன் செய்தால் நீங்கள் எடுத்து "அவ தூங்கறா" என்கிறீர்கள். பின்னாலிருந்து அவள் குரலே "நல்லாத் தூங்கறேன்னு சொல்லுங்க" என்கிறது. ஆகவே எழுதுகிறேன். அவள் கோபித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் நான்தான் என்று சொல்லியிருப்பாள். மறுக்கவில்லை. ஆனால் மூலகாரணம் நீங்கள்.

கோபப்படாமல் கேளுங்கள். போன முறை வந்தபோது அவள் முழங்காலையும் என் தொப்பையையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டு, "மாத்திரை எல்லாம் நான் விக்கிறதுக்கு, நீங்க முழுங்கறதுக்கு இல்ல. ரெண்டு பேரும் நடங்க" என்று சொன்னது யார்? கடலோரத்தில் தேசியப் பூங்கா இருக்கிறது, நடப்பதற்கென்றே பாதை போட்டிருக்கிறார்கள், ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் கடல், கடைசியில் கலங்கரை விளக்கம் என்று வாயில் தேன் ஒழுக வர்ணித்தது யார்? சொன்ன வாய் உங்களுடையது, நோகிற கால் எங்களுடையது.

உங்களுக்குத் தெரியாததா, நான் ஸ்டியரிங் பிடித்ததும் அவள் டிக்கெட் கிழித்ததும் ஒரே பஸ்ஸில்தான். ஓய்வு பெற்ற பிறகும் எங்களுக்குள் அந்த முறை மாறவில்லை. நான் முன்னால், அவள் பின்னால். ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. கடைத்தெருக் கூட்டத்தில்கூடக் கைப்பையிலிருந்து அந்தப் பழைய விசிலை எடுத்து ஒரு ஊது ஊதுவாள். நான் போட்ட அடியோடு நிற்பேன். எனக்குப் பின்னால் வருகிறவர் என் முதுகில் வந்து மோதுவார். பார்த்தவர்கள் சிரிப்பார்கள், எங்களுக்குப் பழகிவிட்டது.

அன்று காலை அவள் ஒரு புது மஞ்சள் தொப்பியைப் போட்டுக்கொண்டு இப்படியும் அப்படியும் திரும்பி, "எப்படி இருக்கு?" என்றாள். நான் "நேரமாச்சு" என்றேன். டிரைவரிடம் கேட்டால் டிரைவர் பதில்தானே வரும். அதன் விலை அப்போது எனக்குத் தெரியவில்லை.

பூங்கா வாசலில் வனக்காவலர் ஒரு வரைபடம் நீட்டினார். படம் பார்த்து வண்டி ஓட்டியவன் நான் இல்லை என்று திருப்பிக் கொடுத்தேன். பாதை எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது மச்சான். வழி தவறாமல் இருக்கக் கல்லுக்குக் கல் நீல அம்புக்குறி, உட்கார இடத்துக்கு இடம் பெஞ்சு. இது நடைபாதையே இல்லை, நிறுத்தங்கள் உள்ள நல்ல ரூட். வளைவு வந்தால் கை காட்டித் திரும்பினேன். ஒரு நண்டு குறுக்கே போனது, அதற்கும் நின்று வழிவிட்டேன். பாதி தூரத்தில் பாறை ஓரமாகப் பாதை ஒடுங்கியது, அங்கே பார்த்து மேலேயிருந்து ஒரு குடும்பம் இறங்கி வந்தது. மேட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இது எந்த ஊரிலும் சட்டம். நான் அசையவில்லை. "கொஞ்சம் ஒதுங்குங்க பெரியவரே" என்றார் அந்தக் குடும்பத் தலைவர். "நீங்க ரிவர்ஸ் எடுங்க" என்றேன் நான். அவருக்குப் பின்னால் பத்துப்பேர் சேர்ந்தார்கள், எனக்குப் பின்னால் ஐந்தாறு பேர். கீழே கடல், மேலே காக்காய், நடுவில் நாங்கள். அப்போது பின்னாலிருந்து உங்கள் தங்கை குரல் கொடுத்தாள்: "உள்ள போங்க, உள்ள போங்க! பாறைப்பக்கம் ஒட்டி நில்லுங்க, நடுவுல எவ்வளவு எடமிருக்கு!" அத்தனை பேரும் ஒரு வார்த்தை பேசாமல் ஒட்டி நின்றார்கள். பாதை தானாகத் திறந்தது. அந்தக் குரலுக்கு இன்னும் மவுசு குறையவில்லை.

அவள் இரண்டு விசில் கொடுத்தாள், நான் கிளம்பினேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி இரண்டு விசில். சரி, உற்சாகமாக இருக்கிறாள் போல என்று வேகத்தைக் கூட்டினேன். மறுபடி இரண்டு. எனக்கும் உற்சாகம் வந்து பேச ஆரம்பித்தேன். சமையலறைக் குழாயை மாற்ற வேண்டியதைப் பற்றிப் பேசினேன். என் பழைய சைக்கிளை ஏன் விற்க முடியாது என்பதை விளக்கினேன். உங்கள் குடும்பத்தைப் பற்றியும் சில கருத்துகள் சொன்னேன், அவை இங்கே வேண்டாம். ஒரு மறுப்பு இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. கல்யாணமான நாள் முதல் நான் இவ்வளவு நேரம் குறுக்கீடு இல்லாமல் பேசியதே கிடையாது. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கலங்கரை விளக்கத்தடியில் நின்று, "எப்படிக் கூட்டிட்டு வந்தேன் பாத்தியா?" என்று பெருமையாகத் திரும்பினேன். அங்கே உங்கள் தங்கை இல்லை. முன்பின் தெரியாத ஐந்தாறு பேர் மூச்சு வாங்க நின்றார்கள். நான் கை காட்டித் திரும்பிய அழகைப் பார்த்து என்னை வழிகாட்டி என்று நினைத்துப் பின்னாலேயே வந்திருக்கிறார்கள். கேமரா மாட்டிய ஒருவர், "ஐயா, அந்தச் சைக்கிளை மட்டும் விக்காதீங்க" என்றார். அவர் சொல்லி முடிக்கும் முன் தலைக்கு மேலே மரத்திலிருந்து ஒரு சாம்பல் நிறப் பறவை கணீரென்று இரண்டு விசில் அடித்தது. பாதி வழியிலிருந்து எனக்கு விசில் கொடுத்து விரட்டியது இதுதான் மச்சான், உங்கள் தங்கை இல்லை.

திரும்பி ஓடினேன். ஓடினேன் என்றால் என் தொப்பை அனுமதித்த அளவுக்கு. ஒரு பெஞ்சு விடாமல் பார்த்தேன், ஒரு வளைவு விடாமல் கூப்பிட்டேன். கூப்பிட்டால் பறவைதான் பதில் சொன்னது. கீழே பாறையில் அலை அடிக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்த்தேன். விழுந்து எழுந்து வனக்காவலர் அறைக்குப் போய், "என் வீட்டுக்காரியக் காணோம்" என்றேன். அவர் நிதானமாக அடையாளம் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "காக்கிச் சட்டை, தோள்ல தோல்பை, காதுல பென்சில். நெத்தியில ஒரு முடி வந்து வந்து விழும், அத ஊதித் தள்ளிக்கிட்டே இருப்பா" என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர், "இன்னிக்குக் கண்டக்டர் யாரும் பூங்காவுக்கு வரலையே ஐயா" என்றார்.

வந்திருந்தாள். அதே அறையில், தடுப்புக்கு அந்தப் பக்கம், வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கூட்டம் கலைந்த இடத்துக்குக் கொஞ்சம் மேலேயே ஷூ சேற்றில் மாட்டி முழங்கால் பிசகியிருக்கிறது. கன்னம் வலிக்க வலிக்க ஒற்றை விசில் ஊதியிருக்கிறாள், காற்று அதை வேறு பக்கம் கொண்டுபோயிருக்கிறது. காவலர்தான் தன் ஜீப்பில் ஏற்றி வந்திருக்கிறார். விட்டுவிட்டு வந்ததைக்கூட அவள் பொறுத்திருப்பாள். எழுந்து வந்து என் எதிரே நின்று, தொப்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "இன்னிக்கு நான் என்ன போட்டிருந்தேன், சொல்லுங்க" என்றாள். காவலர் நல்ல மனிதர், அவளுக்குப் பின்னால் நின்று தன் தலையைத் தட்டித் தட்டிக் காட்டினார். நான் அவரிடம் "தலைவலியா சார்?" என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். வீட்டுக்குத் திரும்ப நாங்கள் பஸ் ஏறும் முன் காவலர் என்னிடம் ஒன்று சொன்னார்: "அந்தப் பறவை அப்படிக் கத்தறது ஜோடியக் கூப்பிடறதுக்கு. நீங்க அதக் கேட்டு ஜோடிய விட்டுட்டுப் போயிருக்கீங்க."

இப்போது உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன், அவள் காதுக்குப் போகக்கூடாது. பின்னால் திரும்பிப் பார்க்காத மனுஷன் என்று என்னைச் சொல்கிறாளாம். பஸ்ஸில் எனக்குத் தலைக்கு மேலே ஒரு கண்ணாடி இருந்தது மச்சான். பயணிகளைப் பார்க்கக் கொடுத்தது. நான் பயணிகளை எங்கே பார்த்தேன்? ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவளைத்தான் பார்த்தேன். கூட்டத்தில் நசுங்குகிறாளா, யாராவது சில்லறைக்குச் சண்டை போடுகிறானா, நெற்றி முடியை ஊதிவிட்டாளா என்று பார்த்துவிட்டுத்தான் கியர் போடுவேன். அப்படியே அவள் என் கண்ணில் பதிந்துவிட்டாள். அந்தப் பாதையில் கண்ணாடி இல்லை. கண்ணாடி இல்லாமல் அவளைப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. அதுதான் நடந்தது. வீடு வெறிச்சென்று கிடக்கிறது. தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். தினமும் பார்க்கிறேன், அவளுக்கு அது நன்றாகத்தான் இருந்திருக்கும்.

சைக்கிளை விற்கவில்லை, ஆனால் அதன் கண்ணாடியைக் கழற்றி என் கைத்தடியில் கட்டிவிட்டேன். நடக்கும்போது பின்னால் முழுவதும் தெரிகிறது, வீட்டுக்குள் நடந்து பார்த்தேன், காலி நாற்காலிதான் தெரிந்தது. அவளை எப்படியாவது சமாதானம் செய்து அனுப்பிவையுங்கள். உங்கள் கடை பெருகட்டும், அக்காவின் இருமல் ஓயட்டும், நீங்கள் யாருக்கும் இனி நடக்கச் சொல்லாதிருக்க எல்லாம் வல்லவன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
நிறுத்தத்தில் காத்திருக்கும் உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: மேலே எழுதியது அத்தனையும் ரத்து. அவள் கடைக்குப் போயிருக்கிறாள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், தேட வேண்டாம், இங்கே இருக்கிறாள். "தொப்பிய எடுக்கத்தான் வந்தேன்" என்றாள். நான் டீ போடப் போன நேரத்தில் இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டாள். உங்கள் குடும்பத்தைப் பற்றி என்ன கருத்து சொன்னேன் என்றுதான் முதலில் கேட்டாள். நான் கண்ணாடி ரகசியம் வெளியாகிவிட்டதே என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கைத்தடியை என்னிடமிருந்து பிடுங்கி, விசிலை என் கையில் வைத்தாள். முழங்கால் ஆறியதும் மறுபடி அதே பாதையாம், இந்தத் தடவை அவள் முன்னாலாம். வாசற்படியில் நின்று கைத்தடிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "பஸ் கண்ணாடியில உங்களுக்கு நான் தெரிஞ்சா, எனக்கு நீங்க தெரியாமலா இருந்திருப்பீங்க? அந்த முடி தானா விழுந்ததுன்னா நெனச்சீங்க?"